ஓட்டுச்சாவடி மேசையா, ஸ்கூல் கமிட்டியா, ஊர்ப் பணக்கணக்கா?

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் வெகுகாலம் புழக்கத்தில் இருந்த நூறு கேள்விகளில் 55-ஆவது இது: அமெரிக்கர்கள் தங்கள் ஜனநாயகத்தில் பங்கெடுக்கும் வழிகளில் இரண்டைச் சொல்லவும். விடைத்தாளில் பத்து வழிகள் கொடுத்திருப்பார்கள். ஓட்டுப் போடலாம், கட்சியில் சேரலாம், செனட்டருக்கு போன் பண்ணலாம், பத்திரிகைக்கு எழுதலாம், தேர்தலில் நிற்கலாம். நான் அதில் சுலபமான இரண்டை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கொடியும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுத்த நாலு வருஷம் ஒன்றுமே செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன கோடையில் சத்தியப்பிரமாணம் எடுத்த ஒரு தம்பி, பிறந்தநாள் விருந்து ஒன்றில் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணே, சிட்டிசன் ஆயாச்சு. ஊருக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு. பசங்க ரெண்டு பேரும் இங்கதான் படிக்கிறாங்க, ஸ்கூல் கமிட்டிக்கு நிக்கலாம்னு பாக்கறேன்” என்றார். ஊர்ப் பள்ளிகளை மேற்பார்க்க மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதை அங்கே நின்றுகொண்டு விளக்க முடியவில்லை, பாயசம் வந்துவிட்டது.

நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸில். இந்த மாநிலத்தில் 351 ஊர்கள், நகரங்கள் இருக்கின்றன. எந்த ஊருக்கும் சேராத நிலம் என்று ஒரு துண்டுகூடக் கிடையாது. பள்ளி, சாலை, தீயணைப்பு, போலீஸ், நூலகம் எல்லாம் பெரும்பாலும் ஊர் மட்டத்திலேயே முடிவாகிவிடும். மற்ற மாநிலங்களில் கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் கனம் இங்கே இல்லை. அதனால் வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒதுக்க முடிந்த ஒரு சாதாரண ஆள் நிஜமாகவே ஏதாவது ஒன்றை நகர்த்திப் பார்க்க இது தோதான இடம். டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பவர்களுக்குப் பெயர்களும் விதிகளும் மாறும். அவரவர் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில், நாமாகத் தேர்ந்தெடுக்கவே முடியாத ஒன்று. ஜூரிப் பணி நாம் பார்த்து எடுத்துக்கொள்வதில்லை, அதுவே தபாலில் வரும். இங்கே விதி ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு. காலையில் போய் உட்காருகிறீர்கள், எந்த வழக்குக்கும் எடுக்கவில்லை என்றால் சாயங்காலத்தோடு கடமை முடிந்தது. முதல் மூன்று நாள் சம்பளம் கம்பெனி தரும், அதற்கு மேல் போனால் அரசு நாளுக்கு 50 டாலர் தரும். இதில் கிரீன் கார்டு நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூரி அழைப்பு ஊரின் குடியிருப்போர் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவதால், குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் தாராளமாக வரும். குப்பையில் போடாதீர்கள், ஆர்வத்தில் போய் உட்காரவும் உட்காராதீர்கள். குடிமகன் இல்லை என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். தெரியாமல் குடிமகன் என்று சொல்லிவிடுவது பின்னாளில் நாட்டைவிட்டே அனுப்பும் அளவுக்குப் போகக்கூடும். வாக்காளர் பதிவுப் படிவத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

தீயணைப்பை ஆசையோடு பார்ப்பவர்கள் உண்டு, நானும் பார்த்தேன். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் தன்னார்வலர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வழக்கம் பழையது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1736-இல் பிலடெல்ஃபியாவில் நண்பர்களைச் சேர்த்து யூனியன் ஃபயர் கம்பெனி தொடங்கினார். உறுப்பினர்கள் தோல் வாளிகளும், தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிக் கட்டப் பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். இங்கே சின்ன ஊர்களில் அழைக்கும்போது வருபவர்களை ‘கால்’ (call) ஃபயர்ஃபைட்டர் என்கிறார்கள். இரவும் வார இறுதியுமாகப் பல மாதம் பயிற்சி, அப்புறம் நடுநிசியில் பேஜர். முழங்காலும் மனைவியும் சம்மதிக்க வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் சம்மதம் கிடைக்கவில்லை. முப்பது வயதுக்குள் இருந்து, வேலையும் ஊருக்குள்ளேயே இருந்தால் இதைவிட நேரடியான சேவை கிடையாது. பாஸ்டனுக்குத் தினமும் ரயிலேறுபவருக்கு இது ஒத்துவராது.

நூலகத்துக்கு வருவோம். எங்கள் பகுதியில் ஃப்ராங்க்ளின் என்றே ஒரு ஊர் இருக்கிறது. 1778-இல் தனி ஊரானபோது அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பெயர் வைத்ததற்குக் கைம்மாறாக வழிபாட்டுக் கூடத்துக்கு ஒரு மணி வாங்கித் தருவார் என்று எதிர்பார்ப்பு. அவரோ ஓசையைவிட அறிவு மேல் என்று சொல்லி மணிக்குப் பதில் புத்தகங்களை அனுப்பினார். மொத்தம் 116. வந்த புத்தகத்தை யார் எடுத்துப் போகலாம் என்று ஊரில் வாக்குவாதம் நடந்து, 1790-இல் ஊர்க் கூட்டத்தில் ஓட்டெடுத்து, ஊரார் எல்லோருக்கும் இலவசம் என்று முடிவானது. ஆறு வருஷம் கழித்து அதே ஊரில் பிறந்த பையன் ஹொரேஸ் மான். 1837-இல் இந்த மாநிலத்தின் முதல் கல்வி வாரியச் செயலராகி, வரிப்பணத்தில் எல்லோருக்கும் பொதுப்பள்ளி என்பதை நாடெங்கும் பேசவைத்தவர்.

நூலக அறங்காவலர் பதவி அந்தப் பரம்பரையில் வந்தது. மாதம் ஒரு கூட்டம், சண்டை குறைவு, பழகுபவர்கள் பண்பானவர்கள். வேலையோ பெரும்பாலும் கூரை ஒழுகுவதைப் பற்றியது. தமிழ்ப் புத்தக அலமாரி ஒன்று வைக்கச் சொல்லலாம் என்று போனால், அதற்கு அறங்காவலராக வேண்டிய அவசியமே இல்லை, நூலகரிடம் நேரில் கேட்டாலே போதும் என்று தெரியவரும். கேட்டேன், வைத்தார்.

இப்போது தம்பி ஆசைப்பட்ட ஸ்கூல் கமிட்டி. நம்மவர்கள் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் கை காட்டும் பதவி இது. வீடு வாங்கும்போதே பள்ளி ரேட்டிங்கைப் பார்த்து வாங்கியவர்கள் நாம், கேட்பானேன். இந்த மண்ணில் அதன் வேர் 1647 வரை போகிறது. ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஒரு வாத்தியாரை வைத்துக்கொள்ள வேண்டும், நூறு குடும்பம் ஆனால் இலக்கணப் பள்ளி வைக்க வேண்டும் என்று அன்றைய காலனி சட்டம் போட்டது. சாத்தான் மக்களை வேதம் படிக்க விடாமல் ஏமாற்றுகிறான், அதை முறியடிக்கத்தான் இந்தச் சட்டம் என்று காரணமும் எழுதி வைத்தார்கள்.

ஆனால் பதவியின் பெயரைக் கேட்டு நாம் நினைத்துக்கொள்ளும் அதிகாரம் வேறு, உள்ளே போனால் இருப்பது வேறு. 1993-இல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஸ்கூல் கமிட்டிக்கு முக்கிய வேலை மூன்றுதான். ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட்டை நியமித்து அவர் வேலையை மதிப்பிடுவது, பட்ஜெட்டை ஒப்புக்கொள்வது, கொள்கைகளை வகுப்பது. ஆசிரியரை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும் தலைமை ஆசிரியர், சூப்பரின்டெண்டென்ட் பாடு. “ஆறாம் வகுப்புக் கணக்கு ரொம்ப மெதுவா போகுது” என்பதைச் சரிசெய்ய நீங்கள் அங்கே போனீர்களானால், முதல் மாதத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு அது நம் வேலை இல்லை என்பார். அவர் சொல்வது சரிதான்.

சட்டக் கட்டுகளும் உண்டு. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சேர்ந்து ஊர் விஷயத்தை மின்னஞ்சலில்கூட விவாதிக்கக் கூடாது, அது திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாகிவிடும். அவசரக் கூட்டம் தவிர எந்தக் கூட்டத்துக்கும் சனி, ஞாயிறு, விடுமுறை கழித்து 48 மணி நேரம் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். வாட்ஸாப் குழுவில் பொங்கி எழுந்து பழகிய நமக்கு இது கை கட்டிப் போட்டது போலத்தான் இருக்கும். மளிகைக் கடை வரிசையில் ஆள் மடக்கிக் கேட்பார்கள். நூலக மேசையில் உட்கார்ந்து முகநூல் பக்கத்தில் திட்டுவார்கள். உங்கள் பிள்ளையின் ஆசிரியைக்கு நீங்கள் யார் என்று தெரிந்திருக்கும். பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கும். மூன்று வருஷப் பதவிக்காலத்தில் பையனுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினாறு ஆகும். அதை யோசித்துவிட்டு மனு வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். நல்ல உறுப்பினர்கள் தேவை, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊரைத் தெரியாமல் நேரே அங்கே போய் இறங்குபவர், தன் பிள்ளை படிக்கும் ஒரு வகுப்பைத்தான் ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்.

ஊரைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஒரே மலிவான வழி ஓட்டுச்சாவடி மேசை, அதாவது தேர்தல் நாளில் ஊழியராக அங்கே உட்காருவது.

“எந்தத் தெரு?” அங்கே முதல் கேள்வி இதுதான், பெயர் அப்புறம். இந்த மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் தெருவாரியாக இருக்கும். தெரு, வீட்டு எண், அந்த வீட்டில் இருப்பவர்கள். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, பெயரை உரக்கச் சொல்லிவிட்டுக் குறியிட வேண்டும். உரக்கச் சொல்வது சட்டம். பார்வையாளர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் காதில் விழ வேண்டும், தப்பென்றால் ஆட்சேபிக்க வேண்டும். நான் உட்கார்ந்த முதல் காலையில் ஒரு பெண்மணி வந்தார். எழுத்துக்கூட்டி ‘சியோபன்’ என்று கூவினேன். அவர் சிரித்துக்கொண்டே ‘ஷிவான்’ என்றார். ஐரிஷ் பெயராம். பின்னாலேயே போலந்துப் பெயர் ஒன்று, அதையும் குதறினேன். இருபது வருஷமாக இந்த நாடு என் பெயரைக் கடித்துத் துப்பியதற்கு ஒரே நாளில் பழி தீர்த்துக்கொண்டேன்.

அடையாள அட்டை பொதுவாகக் கேட்பதில்லை, சில சந்தர்ப்பங்களில் மட்டும் உண்டு. விரலில் மை கிடையாது. பூத் ஏஜெண்டுகள் விரலைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவனுக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது. மேசையில் உட்கார்ந்த பிறகு காவல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ், வந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பிரசவம் பார்த்தவர். அடுத்த தெருக்காரன் பெயரைச் சொல்லி அவர் முன்னால் ஒருவன் ஓட்டுப் போட்டுவிட்டுப் போக முடியாது. வாசலிலிருந்து 150 அடிக்குள் பிரச்சாரம் கூடாது. சட்டையில் வேட்பாளர் பட்டன் குத்திக்கொண்டு வருபவரிடம் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஓட்டுச்சீட்டைக் கெடுத்துவிட்டால் மாற்றுச் சீட்டு தரலாம், மொத்தம் மூன்று சீட்டு வரை. கட்சிகள் தாங்களே சீட்டு அச்சடித்துக் கையில் திணித்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. அரசே அச்சடிக்கும் ரகசியச் சீட்டை மாநிலம் முழுமைக்கும் முதலில் சட்டமாக்கியது மாசசூசெட்ஸ்தான், 1888-இல். சில சின்ன ஊர்களில் கைப்பிடியைச் சுற்றினால் சீட்டை உள்ளிழுத்து மணி அடிக்கும் பழைய மரப்பெட்டிகளை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

வேலை என்னவோ சோம்பலும் அவசரமும் மாறி மாறி. காலை ஆறுக்குள் போய் நிற்க வேண்டும். ஓட்டு எண்ணும் எந்திரத்தின் பெட்டியைத் திறந்து காலி என்று எல்லோருக்கும் காட்டி, பூஜ்ஜியம் அச்சான சீட்டில் கையெழுத்துப் போட்டு, ஏழு மணிக்குக் கதவு திறந்து, இரவு எட்டுக்கு மூடுவது. ஜனாதிபதி தேர்தலில் கழிப்பறை போக நேரம் இருக்காது. வசந்தத்தில் வரும் ஊர்த் தேர்தலில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அப்போதுதான் ஊர்க்கதை எல்லாம் வெளியே வரும். இரவு கணக்கு ஒத்துப்போக வேண்டும். கொடுத்த சீட்டு, எந்திரத்துக்குள் போன சீட்டு, கெட்டுப்போன சீட்டு, மிச்சம். இரண்டாவது முறை உட்கார்ந்தபோது ஒன்று உதைத்தது. ஒன்பதேகால் மணிக்கு, பதினைந்து மணி நேரம் உழைத்த எட்டுப் பேர், முதலிலிருந்து எண்ணினோம். கெட்டுப்போன சீட்டு ஒன்றை உறைக்குள் போட்டுவிட்டுக் கணக்குத்தாளில் ஏற்ற மறந்திருந்தது நான்தான். அந்த நர்ஸம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, உறையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

இதில் சேர, ஊரின் பதிவேடுகளையும் தேர்தலையும் கவனிக்கும் டவுன் கிளார்க் அலுவலகத்தில் ஒரு படிவம் போதும். சில மணி நேரப் பயிற்சி, சொற்ப ஊதியம், வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் லீவு. வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். குறை என்னவென்றால் இந்த மேசையிலிருந்து ஊரில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது. நீங்கள் நடுநிலை. அபிப்பிராயத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அபிப்பிராயம் இருப்பவர்களுக்கான இடம் டவுன் மீட்டிங். திறந்த டவுன் மீட்டிங் உள்ள ஊர்களில் பதிவுசெய்த எந்த வாக்காளரும் போய் உட்காரலாம், பேசலாம், பட்ஜெட்டுக்கும் ஊர்ச் சட்டத்துக்கும் ஓட்டுப் போடலாம். ஆள் அனுப்பி ஆள்வது இல்லை, நீங்களேதான் அன்றைக்குச் சட்டசபை. நம் கிராம சபையை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊரின் மொத்த வரவுசெலவும் அந்த ஒரு கூடத்தில் கை தூக்கி முடிவாகும் கிராம சபை. பிரிட்டிஷ்காரர்களுக்கு இதன் வீரியம் தெரிந்திருந்தது. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக 1774-இல் போட்ட சட்டங்களில் ஒன்று, கவர்னர் அனுமதி இல்லாமல் வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஊர்க் கூட்டம் கூடக் கூடாது என்றது. அந்த ஆகஸ்டிலேயே சேலம் ஊரார் கூடினார்கள், நம் மாம்பழச் சேலம் இல்லை, இங்கத்திய சேலம். கலைக்கச் சொல்லி, அப்போது கவர்னராக இருந்த ஜெனரல் கேஜ் படையை அனுப்பினார். சிப்பாய்கள் வந்து சேர்வதற்குள் கூட்டம் வேலையை முடித்துக்கொண்டு கலைந்துவிட்டது.

பெரிய ஊர்களில் சில, ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதி முறைக்கு மாறிவிட்டன. அதை முதலில் செய்தது ப்ரூக்லைன், 1915-இல். அங்கேயும் கடைசி வார்த்தை மக்களிடமே இருக்கலாம். பாஸ்டன் பகுதிப் பொதுப் போக்குவரத்து வசதி உள்ள, அல்லது அதை ஒட்டி இருக்கும் 177 ஊர்களில் அடுக்குமாடி கட்ட இடம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. மில்டன் ஊரின் பிரதிநிதிகள் அதை ஒப்புக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் ஊர் மக்கள் பொது வாக்கெடுப்பு வைத்துத் தூக்கி எறிந்தார்கள். விவகாரம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், ஊர்கள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. யார் வீட்டுப் பக்கத்தில் யார் குடிவரலாம் என்பதுதான் இந்த ஊர்களில் உண்மையான அரசியல். வாஷிங்டன் சண்டையெல்லாம் டிவிக்கு.

டவுன் மீட்டிங்குக்குச் செலவு ஒன்றிரண்டு ராத்திரி. ஜிம்னாசியத்தில் மடக்கு நாற்காலி, கையில் கலர் அட்டை, மேடையில் கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர். பல ஊர்களில் வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூட வருவதில்லை, எனவே வருகிறவர் ஓட்டுக்குக் கனம் அதிகம். வருடாந்திரக் கூட்டத்தில் ஒரு விஷயத்தை விவாதத்துக்குக் கொண்டுவரப் பத்து வாக்காளர் கையெழுத்துப் போதும். பத்தே பத்து. ஒரு தமிழ்க் குடும்ப நவராத்திரிக் கொலுவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

ஆனால் முதல் தடவை போனபோது எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இலை ஊதும் எந்திரத்தின் சத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். பல மில்லியன் டாலர் பட்ஜெட் நாலு நிமிஷத்தில் ஓடியது. ஏன் என்று பக்கத்தில் கேட்டேன். “ஃபைனான்ஸ் கமிட்டி பார்த்துட்டாங்க இல்ல” என்றார்.

அந்தக் கமிட்டிதான் என் தேர்வு. யாரும் போட்டி போடாத நாற்காலி. பல ஊர்களில் மாடரேட்டர் நியமிக்கிறார், தேர்தல் கிடையாது. ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், காபிக் கடையில் அரை மணி பேசினார், உட்காரவைத்துவிட்டார். மூன்று வருஷம் இருந்தேன். பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு தீர்மானத்தையும் முன்கூட்டியே படித்து, ஊருக்கு வேண்டும், வேண்டாம் என்று பரிந்துரைப்பதுதான் வேலை. காகிதத்தில் பார்த்தால் வெறும் யோசனை சொல்லும் குழு. நடைமுறையில் எங்கள் ஊரில் நாங்கள் வேண்டாம் என்றது தேறியது அபூர்வம். தனி அதிகாரம் ஒன்று உண்டு, அவசரச் சேமிப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க எங்கள் ஓட்டு வேண்டும். ஒரு ஜனவரியில் நூலகத்தின் பாய்லர் உடைந்தது. மைனஸ் பத்துக் குளிரில், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் முடித்தோம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊர்க் கணக்கு சுவாரஸ்யமான விஷயம். இந்த மாநிலச் சட்டப்படி ஊர்கள் ஒதுக்கியதற்கு மேல் செலவு செய்யக் கூடாது, பனி அள்ளும் கணக்கு அதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு. போன வருஷத்துக்குக் குறையாமல் ஒதுக்கியிருந்தால் போதும், அதற்கு மேல் பனி எவ்வளவு கொட்டினாலும் அள்ளிவிட்டு அப்புறம் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதனால் பல ஊர்கள் வேண்டுமென்றே அதைக் கம்மியாகவே வைக்கும், மார்ச் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் 1980-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த இரண்டரை சதவீத வரம்பு. புதுக் கட்டடங்களால் வருவது போக, ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி வருஷத்துக்கு அதற்கு மேல் ஏறக் கூடாது, ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் தனியாக ஓட்டுக் கேட்க வேண்டும். ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு மட்டும் அந்த இரண்டரையை மதிப்பதில்லை. கையைக் கடிக்கும் இடம் அது.

ஸ்கூல் கமிட்டி ஆசைக்கு என் பதிலும் இங்கேதான் இருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களில் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. டவுன் மீட்டிங் பள்ளிக்கு மொத்தத் தொகையை மட்டும் ஓட்டுப் போட்டுத் தரும், அதை எப்படிப் பிரிப்பது என்பது ஸ்கூல் கமிட்டியின் உரிமை. மொத்தம் எவ்வளவு என்ற சண்டை நடப்பது ஃபைனான்ஸ் கமிட்டி அறையில். எனவே ஆறாம் வகுப்பில் இன்னொரு கணக்கு ஆசிரியர் வேண்டும் என்றால், அதற்கான காசு முதலில் பிழைக்க வேண்டிய இடம் இதுதான்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வாரம் இரண்டு ராத்திரி போய்விடும், தை மாதத்து விசேஷம் எதற்கும் நேரத்துக்குப் போக முடியாது. ஒரு வருஷம் பள்ளி கேட்ட தொகையைக் குறைத்துப் பரிந்துரைத்தோம், நானும் கை தூக்கினேன். அடுத்த வாரம் ஒரு வீட்டு விருந்தில் பத்து வருஷப் பழக்கமுள்ள நண்பர், “நீயே நம்ம பசங்க ஸ்கூலுக்குக் காசு வேண்டாங்கிறியா?” என்றார். தீயணைப்பு வண்டியின் வயது என்ன, ஓய்வூதிய நிதியில் பள்ளம் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தேன். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அவர் சமாதானம் ஆகவில்லை, இன்றைக்கும் ஆகவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே யாருக்கு எது? பிள்ளைகள் சிறிசு, ராத்திரியில் வெளியே போக முடியாது என்றால் மேசை. வருஷத்துக்கு மூன்று நாள், தீர்ந்தது. எக்செல்லில் கை ஓடும், ஆனால் மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, உச்சரிப்பை நினைத்துக் கூச்சம் என்றால் ஃபைனான்ஸ் கமிட்டி; ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் எண்களுக்கு உச்சரிப்பு கிடையாது. இன்னும் கிரீன் கார்டுதானா, நியமனக் குழுக்கள் சிலவற்றில் குடியுரிமை கேட்பதில்லை, கிளார்க்கிடம் விசாரியுங்கள். டவுன் மீட்டிங்கிலும் ஓட்டில்லாதவர்களுக்குத் தனி வரிசை போட்டிருப்பார்கள், போய்ப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற அப்பா அம்மா குடிமக்களாகி வீட்டில் தனியாக இருக்கிறார்களா, நூலகம். மேசையில் இரண்டு தேர்தல், கமிட்டியில் மூன்று வருஷம் என்று கடந்து, பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் ஆசை இருந்தால் ஸ்கூல் கமிட்டிக்கு நில்லுங்கள். அப்போது உங்களுக்குச் சொந்த வகுப்பு என்று ஒன்று இருக்காது.

இதையெல்லாம் தம்பிக்கு ஒரு நீண்ட மின்னஞ்சலாக எழுதி அனுப்பினேன். நன்றி அண்ணே என்று ஒரு வரி வந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜனவரிக் குளிரில் வாசல் மணி அடித்தது. கையில் அட்டையில் செருகிய ஸ்கூல் கமிட்டி வேட்புமனுத் தாளோடு நிற்கிறார். எங்கள் ஊருக்கு ஐம்பது கையெழுத்து வேண்டும், பன்னிரண்டு வாங்கியிருந்தார். உள்ளே கூப்பிட்டு, காபி போட்டுக் கொடுத்து, பதின்மூன்றாவதைப் போட்டேன்.

“அண்ணே, எங்க தெருவுல ஏழு வீட்டுல கதவைத் தட்டினேன். நாலு பேர் வோட்டராவே பதியல போல. யார் யார் வோட்டர்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

கிளார்க் அலுவலகத்தில் தெருப் பட்டியல் கிடைக்கும் என்றேன். தெரு, வீட்டு எண், பெயர்.

காபியைக் குடித்து முடித்து, பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டே கேட்டார். “வசந்தத் தேர்தல்ல என் பேரு சீட்டுல இருக்கும், உக்கார முடியாது. நவம்பர்ல அந்த மேசைக்கு ஆள் வேணுமா?”